நான் ஒரு கேமர்தானா? என் ஆட்டம் என்னைப் பற்றி என்ன சொல்கிறது?

வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 38 வயது. குழந்தை தூங்கியபின் இரவில் இரண்டு மணி நேரம் ஆடுகிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆன்லைன் ஆட்டத்தில் குழுவோடு ரெய்டு, அதாவது பலர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்தும் சண்டை. அதில் ஆண்டுக்கணக்காக ஹீலர், அதாவது குழுவினரின் உயிரைக் காப்பவர். மற்ற நாட்களில் தனியாக ஒரு பண்ணை ஆட்டம். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. ரேங்க் ஏற்றும் துப்பாக்கி ஆட்டங்களிலேயே ஊறிக் கிடக்கும் தம்பி, "நீ ஆடுறதெல்லாம் கேமே இல்லக்கா" என்கிறார். முக்கியமாக நீங்கள் கேட்பது இரண்டு. உங்களை கேமர் என்று சொல்லிக்கொள்ளலாமா? எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஹீலராகவே போய் நிற்பது உங்கள் குணத்தைக் காட்டுகிறதா?

ஆட்டங்கள் வெளிவருவதற்கு முன்னால் அவற்றை ஆட்களிடம் கொடுத்து ஆடவைத்து, பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறேன். அதற்கு முன்பிருந்தே ஏதாவது ஒரு கில்டில் (சேர்ந்து ஆடும் நிலையான குழுவில்) இருந்துகொண்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2015-ல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் வயது வந்தவர்களிடம் கேட்டபோது 49 சதவீதம் பேர் வீடியோ கேம் ஆடுவதாகச் சொன்னார்கள். தங்களை கேமர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 10 சதவீதம்தான். ஆடுவதில் ஆண் பெண் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை: ஆண்களில் 50, பெண்களில் 48. பெயரை ஏற்றுக்கொள்வதில்தான் இடைவெளி: ஆண்களில் 15, பெண்களில் 6. ஆடிக்கொண்டே "நான் கேமர் இல்லை" என்று விலகி நிற்பவர்கள்தான் பெரும் கூட்டம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான்.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து, பிறகு எழுந்தபோது, விற்பனை பெரும்பாலும் சிறுவர்களைக் குறிவைத்தே நடந்தது. 1989-ல் வந்து உலகம் முழுக்கப் பரவிய கைக்கருவியின் பெயரே கேம் பாய். இப்படி ஒரு தலைமுறை முழுக்க விளம்பரம் பார்த்தபின், கேமர் என்றதும் இருட்டறையில் ஹெட்செட் மாட்டிய ஒரு பையன்தான் எல்லோருக்கும் கண்முன் வருகிறான். ஏட்ரியன் ஷா என்ற ஆய்வாளர் ஆடுபவர்களிடம் விரிவாகப் பேட்டி கண்டு 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிறைய ஆடுகிறவர்கள்கூட அந்தப் பெயரைத் தள்ளிவைத்ததற்கு, அந்தச் சொல்லோடு ஒட்டியிருந்த பிம்பமும், ஆட்டம் என்றாலே நேர விரயம் என்ற பார்வையும் பெரிய காரணங்களாக அதில் தெரிந்தன. ஆடும் நேரத்தையோ திறமையையோ மட்டும் வைத்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்வதில்லை. "அந்தக் கூட்டத்தில் எனக்கு இடம் இருக்கிறதா" என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் தம்பி மேல் கோபப்படாதீர்கள். ஆட்டத்தைப் பொழுதுபோக்காகவே மதிக்காத காலத்தில், கேலிக்கு நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அதைச் சுற்றி ஒரு வேலி போட்டார்கள். கஷ்டமான ஆட்டம்தான் ஆட்டம், தோற்றுத் தோற்றுப் படித்தவன்தான் கேமர் என்பது அந்த வேலி. அதற்குள் உண்மையான உழைப்பும் பெருமையும் இருக்கின்றன. அடுத்தவரை வெளியே நிறுத்தத்தான் அதற்கு உரிமை இல்லை. உங்களுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் விடுங்கள். நீங்கள் ஆடுவதில் ஒரு குறையும் வந்துவிடாது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி.

ஆடுபவர்களை வகைபிரிக்கும் பழக்கம் ஒரு வாக்குவாதத்தில் தொடங்கியது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுத்தாலேயே ஆன ஒரு உலகத்தை உருவாக்கினார். படம் கிடையாது, "நீங்கள் ஒரு குறுகிய பாதையில் நிற்கிறீர்கள்" என்பது மாதிரி வரிகள்தான். பலர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து உலாவலாம். மட் என்று அதற்குப் பெயர். ட்ரப்ஷாவுக்குப் பின் அதை எடுத்து வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1989 நவம்பர் முதல் 1990 மே வரை, அதன் அடுத்த வடிவத்தில் மூத்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு நீண்ட விவாதம் நடந்தது: மக்கள் இதில் எதைத் தேடி வருகிறார்கள்? ஆளுக்கொரு பதில். பார்ட்டில் அந்தப் பதில்களை அடுக்கிப் பார்த்தார், நான்கு குவியல்கள் தெரிந்தன. 1996-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். இலக்கை அடைந்து மேலே ஏறுகிறவர்கள். மூலை முடுக்கெல்லாம் துழாவுகிறவர்கள். பழகப் பேச வருகிறவர்கள். மற்றவர்களை வீழ்த்துவதில் மகிழ்கிறவர்கள். சீட்டுக்கட்டின் டயமண்ட், ஸ்பேடு, ஹார்ட்டின், கிளப் ஆகியவற்றை வரிசையாக அவர்களுக்குச் சூட்டினார்.

அழகான பிரிவு. வந்த வேகத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து ஒரு கேள்வித்தாள் உருவானது. ஆட்கள் விடையைப் பார்த்துவிட்டு "நான் எக்ஸ்ப்ளோரர்" (துழாவுகிறவர்) என்று பட்டம்போலச் சூடிக்கொண்டார்கள். பார்ட்டில் எழுதியது மட் மாதிரியான ஒருவகை உலகத்தைப் பற்றி. அதைக் கொண்டுபோய்ப் பந்தய ஆட்டத்துக்கும் புதிர் ஆட்டத்துக்கும் பொருத்தினால் பொருந்தாது. 2006-ல் நிக் யீ என்ற ஆய்வாளர், ஆன்லைன் ஆட்டக்காரர்கள் சுமார் 3,000 பேரிடம் திரட்டிய பதில்களை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாதிக்கும் ஆசை, பழகும் ஆசை, அந்த உலகத்துக்குள் மூழ்கும் ஆசை என்று மூன்று பெரிய இழைகள் இருந்தன. ஆனால் ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும் என்றில்லை. ஒரே ஆள் ரேங்குக்காக உயிரை விடலாம், அதே ஆள் கில்டில் எல்லோருக்கும் ஆறுதலாகவும் இருக்கலாம். ஆட்கள் பெட்டிகளுக்குள் இல்லை. ஒவ்வொருவருக்குள்ளும் எல்லாம் வேறு வேறு அளவில் கலந்திருக்கிறது.

என் வேலையில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பொருள் சேகரித்து வீடு கட்டும் ஆட்டம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அன்று வந்தவர்களில் ஒருவர் கணக்குத் தணிக்கை செய்பவர், ஐம்பதை நெருங்கியவர். மற்றவர்கள் குகைக்குள் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர் முதல் பத்து நிமிடத்தில் நான்கு பெட்டிகள் செய்தார். மரம் ஒன்றில், கல் ஒன்றில், விதை ஒன்றில், மற்றவை ஒன்றில். பிறகு அவற்றின் இடத்தை மாற்றினார். விதைப் பெட்டியை வயலுக்குப் பக்கத்தில் வைத்தார். மரத்தையே இரண்டு வகையாகப் பிரிக்க ஐந்தாவது பெட்டி செய்தார். நாற்பது நிமிடம் இதேதான். வெளியே பகல் போய் இரவு வந்து மறுபடி விடிந்தது. அவர் வாசலைத் தாண்டவில்லை. என் குறிப்பில், "வேலையில் செய்வதையே இங்கும் செய்கிறார்" என்று எழுதிவிட்டேன். முடிந்தபின் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்: "ஆபீஸ்ல நான் ஒழுங்கு பண்ணி வெக்கறத மறுநாள் யாராவது கலைச்சுடுவாங்க. இங்க வெச்சது வெச்ச எடத்துல இருக்கு."

நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன். ஒரே செயல்தான், ஆனால் அலுவலகத்தில் அது அவருக்குத் தேய்மானம், இங்கே அது நிறைவு. அன்றிலிருந்து, ஒருவர் ஆடுவதைப் பார்த்தால் அவருடைய குணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு அவருடைய பசியைத் தேடுகிறேன். அன்றாட வாழ்க்கை எதைத் தராமல் வைத்திருக்கிறதோ அதன் பக்கம்தான் ஆட்டத்தில் கை நீள்கிறது. 2006-லேயே ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி மூவரும் ஆட்டத்தின் ஈர்ப்பைப் பற்றி இதையொட்டி ஆய்வு செய்திருக்கிறார்கள். தானே முடிவெடுக்கும் உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கும் உணர்வு ஆகிய மூன்றும் மனிதருக்கு அடிப்படைத் தேவைகள்; ஆட்டம் அவற்றைத் தரும் அளவுக்கு அதன்மேல் பிடிப்பு வருகிறது என்றார்கள். ஷிபில்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012-ல் இன்னொரு படி போனார்கள்: நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அந்த நம்மை அனுபவிக்க விடும் ஆட்டம்தான் நம்மை அதிகமாக இழுக்கிறது. தணிக்கையாளரின் ஐந்து பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேரக்டர் பற்றி. திரையில் நமக்காக நடமாடும் உருவத்துக்கு உலகம் முழுக்க அவதார் என்கிறார்கள். நம் அவதாரம்தான் அது. 1985-ல் வந்த அல்டிமா என்ற ஆட்ட வரிசையின் நான்காம் பாகத்தில் ஆடுபவர் அடைய வேண்டிய நிலைக்கு, அதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் அந்தப் பெயரை வைத்தார். 1986-ல் ஹேபிடட் என்ற ஆன்லைன் உலகத்தில் திரை உருவத்துக்கே அது பெயரானது. மேலே இருப்பவர் ஓர் உருவம் எடுத்துக் கீழே இறங்குவது அவதாரம். ஆனால் ஆடும்போது நடப்பதற்கு நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது என்று நினைக்கிறேன்: கூடுவிட்டுக் கூடு பாய்தல். பாய்கிறவன் புதுக்கூட்டின் கை கால்களோடுதான் நடக்க முடியும்; அந்தக் கூட்டுக்கு ஏற்கெனவே உறவுகளும் கடமைகளும் இருக்கும்; உள்ளே இருப்பவனும் மாறாமல் இருக்க முடியாது.

ஜேம்ஸ் பால் ஜீ என்ற மொழியியல் அறிஞர் 2003-ல் இதையே மூன்று அடையாளங்களாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, திரையில் இருக்கும் கேரக்டர். இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். மூன்றாவது இந்த இரண்டுக்கும் நடுவில் உண்டாவது: "இவள் எப்படிப்பட்டவளாக வளர வேண்டும்" என்று நாம் அந்தக் கேரக்டருக்காக வைக்கும் ஆசை. மூன்றாவதை நீங்கள் கட்டாயம் அனுபவித்திருப்பீர்கள். ஒரு குவெஸ்ட்டில், அதாவது ஆட்டம் தரும் ஒரு பணியில், கிழவி ஒருத்தி தொலைந்த மோதிரத்தைக் கேட்கிறாள். மோதிரம் உங்கள் பையில் இருக்கிறது. நல்ல சக்தி உள்ள மோதிரம். "கிடைக்கவில்லை" என்ற பதிலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கிழவி "பரவாயில்லை கண்ணு" என்று திரும்பி நடக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, கிழவி வெறும் நிரல்தான், தண்டனையும் கிடையாது. ஆனாலும் முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தை (அதுதான் சேவ்) திறந்து, அந்த இருபது நிமிடத்தை மறுபடி ஆடி, மோதிரத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். "என் கேரக்டர் இப்படிச் செய்கிறவள் இல்லை" என்று ஒரு குரல் சொல்கிறதே, அதுதான் ஜீ சொன்ன மூன்றாவது.

நல்லவராக ஆடவும் கெட்டவராக ஆடவும் சமமாக வழி திறந்துவைத்த மாஸ் எஃபெக்ட் ஆட்ட வரிசையில் பணியாற்றிய ஒருவர், சுமார் 92 சதவீதம் பேர் நல்ல வழியையே தேர்ந்தெடுத்தார்கள் என்று 2020-ல் சொன்னார். தீய வழிக்கென்று தனியாக உழைத்து எழுதிய காட்சிகளைப் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். அதே நேரம் கெட்டவராக ஆடுபவரைச் சந்தேகிக்கவும் மாட்டேன். எப்போதும் எல்லோருக்கும் சரி என்று தலையாட்டியே பழகிய ஒருவர், ஆட்டத்தில் ஒருமுறை "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கிறார் என்றால், அந்தப் பசியும் எனக்குப் புரிகிறது.

கூடு நம்மை மாற்றுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2007-ல் நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் மெய்நிகர் அறையில் சிலருக்கு உயரமான உருவத்தையும் சிலருக்குக் குட்டையான உருவத்தையும் கொடுத்துப் பணம் பங்கிடும் பேரம் பேசவைத்தார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் விடாப்பிடியாகப் பேரம் பேசினார்கள்; குட்டையானது கிடைத்தவர்கள் நியாயமற்ற பங்கையும் அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். அழகான உருவம் கிடைத்தவர்கள் எதிரில் இருந்தவரிடம் நெருங்கி நின்றார்கள், தங்களைப் பற்றி அதிகம் பேசினார்கள். உருவம் மாறிக்கொண்டே இருந்த கிரேக்கக் கடவுள் புரோட்டியஸின் பெயரை இந்த விளைவுக்கு வைத்தார்கள். சில நிமிடத்துக்கு மாட்டிய உருவமே இவ்வளவு செய்யும் என்றால், ஆண்டுக்கணக்கில் வாரம் இரண்டு இரவு நீங்கள் போட்டுக்கொள்ளும் ஹீலர் அங்கி ஒன்றும் செய்யாமலா இருக்கும்?

ஹீலருக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகள் நானும் அதுதான்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிரே மலை உயரத்துக்கு ஒரு டிராகன் நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கும், ஹீலரின் கண் அங்கே இருக்காது. திரை ஓரத்தில் இருபது பச்சைப் பட்டைகள், இருபது பேரின் உயிர், கண் அவற்றில்தான். ஒன்று பாதியாகிறது. ஒன்று மெல்லக் கரைகிறது, யாரோ விஷத்தில் நிற்கிறார். முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க்கின் பட்டை சட்டென்று கால்வாசிக்கு விழுகிறது. காப்பாற்றும் மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான மானா முப்பது சதவீதம்தான் மிச்சம். யாரை இப்போதே தூக்குவது, யாரை இரண்டு நொடி காக்கவைப்பது, யாரை விட்டுவிடுவது? ஒன்றரை நொடிக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த டிராகனின் முழு உருவத்தை நான் நிதானமாகப் பார்த்தது, அதைப் பலமுறை வீழ்த்தியபின் ஒரு நண்பர் பதிவு செய்த வீடியோவில்தான். உங்கள் தம்பி இதை ஆட்டமே இல்லை என்றால், இதை அவர் பார்த்ததில்லை என்றுதான் பொருள்.

ஹீலராக ஆடுபவர்கள் எல்லோரும் அன்பானவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்தவரை அப்படி இல்லை. எங்கள் கில்டின் மூத்த ஹீலர் இரண்டு ஆண்டுகள் மைக்கையே திறக்கவில்லை. பேசக் கூச்சம். டேங்க்காக இருந்தால் ஆணையிட வேண்டும், அடிக்கிறவராக இருந்தால் அடித்த கணக்கைக் காட்ட வேண்டும். ஹீலர் எதுவும் பேசாமலே எல்லோருக்கும் வேண்டியவராக இருக்கலாம். அவர் தேடியது அந்த இடம். இன்னொருவருக்கு அது அதிகாரம்; தன்னிடம் முரண்டு பிடித்தவரின் பட்டை காலியாகும்வரை வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வகை என்னுடையது. எங்கள் குழுவில் ஹீலராக இருந்தவர் தேர்வு வந்ததால் விலகினார், மாற்று ஆள் இல்லை, நான் எடுத்துக்கொண்டேன். குணமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் ஆறேழு மாதத்தில் வேறு எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் கை தானாக அந்தப் பக்கம் போனது. ஒருநாள் புதியவர் ஒருவர் "நீங்க என்ன ரோல்?" என்றபோது "நான் ஹீலர்" என்றேன். ஹீலர் ஆடுகிறேன் என்று சொல்லவில்லை. பழக்கம் முதலில் வந்தது, அடையாளம் அதன் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆகவே உங்களைப் பற்றி நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களே பார்க்க சில இடங்களைக் காட்ட முடியும். குழுவில் ஒருவர் செத்தால் முதலில் வருவது குற்ற உணர்வா, எரிச்சலா? உங்களுக்கு யாராவது நன்றி சொன்னால் அது எத்தனை நாள் நினைவில் நிற்கிறது? தனி ஆட்டத்தில், காப்பாற்ற யாருமே இல்லாதபோது என்ன செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே கொஞ்சம் இருக்கிறது. பண்ணை ஆட்டத்தில் ஊராருக்குப் பிறந்தநாள் பரிசு கொடுப்பதை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை என்றும், ஊர்க்கோடியில் ஒரு குளத்தருகே மீன்பிடித்துக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் குழந்தை, வாரம் இரண்டு இரவு இருபது பேரின் உயிர். மற்ற இரவுகளில் யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத ஒரு குளக்கரை. ஹீலர் மட்டும்தான் நீங்கள் என்று அந்தக் குளத்தைப் பார்த்தபின் என்னால் சொல்ல முடியவில்லை.

பெயரையும் குரலையும் மறைத்து ஆடுவதில் உங்களுக்கு ஒரு உறுத்தல் இருப்பதையும் கவனித்தேன். பல பெண்கள் மைக்கைத் திறக்காமல் ஆடுவதை நான் நேரில் அறிவேன். குரல் கேட்ட நொடியிலிருந்து ஆட்டத்தைப் பற்றிய பேச்சு நின்று ஆளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அதனால் மறைத்து ஆடுவதில் பொய் ஒன்றும் இல்லை. 2012-ல் வந்த ஜர்னி என்ற ஆட்டத்தில், வழியில் இன்னோர் ஆட்டக்காரர் வந்து சேர்ந்துகொள்வார். அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு மணியோசை மாதிரியான ஒலியை மட்டும் எழுப்பலாம். பனிமலையில் ஒருவரையொருவர் ஒட்டி நடந்துபோய், எல்லாம் முடிந்து, ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடி முடிந்தபின்தான் கூட வந்தவரின் பெயர் தெரியும். எல்லா அடையாளத்தையும் கழற்றி வைத்தபின்னும் ஒருவர் நின்று காத்திருக்கிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா என்பது தெரிந்துவிடுகிறது.

நார்வேயில் ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் பரம்பரை நோய். சக்கர நாற்காலி, பிறகு விரல்களை மட்டும் அசைக்க முடிந்த நிலை. நாளின் பெரும்பகுதியை வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் கழித்தார். மகன் நட்பு, காதல், பிறருக்கு உதவியாக இருப்பது எதையும் அறியாமல் போகிறானே என்பதுதான் பெற்றோரின் துக்கம். 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தார். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியைப் போட்டார். பதில்கள் வரத் தொடங்கின, நின்றபாடில்லை. முகமே பார்த்திராத பலர், தங்கள் கஷ்ட காலத்தில் அவர் எப்படித் துணையிருந்தார் என்று எழுதினார்கள். கில்டில் இருந்தவர்கள் சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்து நின்றார்கள். தங்கள் மகன் யார் என்பதைப் பெற்றோர் அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டார்கள். "அது வெறும் கேம்தானே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் தந்தைதான் நினைவுக்கு வருகிறார்.

இப்போது தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பழக்கம் என்று நாம் நினைப்பது எல்லாம் நம்முடையதல்ல. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற ஆட்டக் கருவி வந்தபோது, எந்த ஆட்டம் ஆடினாலும் புள்ளிகள் ஒரே கணக்கில் சேரும் முறையோடு வந்தது. நண்பர்கள் பார்க்கும் இடத்தில் அந்த எண் நின்றது. பிடிக்காத ஆட்டத்தைக்கூட எண்ணுக்காக ஆடியவர்கள் உண்டு. அதன்பின் தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் விட்டால் அறுந்துபோகும் தொடர், காலக்கெடுவுக்குள் ஆடிப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸ் என்று நிறைய வந்துவிட்டன. இவை எந்த நோக்கத்தில் வடிவமைக்கப்படுகின்றன என்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன்: நாளையும் நீங்கள் திறக்க வேண்டும், அவ்வளவே. தினசரிப் பரிசை நாளை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தைத் திறப்பீர்களா? திறப்பேன் என்றால் அது உங்கள் பழக்கம். திறக்கமாட்டேன் என்றால் வேறு யாரோ உங்களுக்குள் வைத்த பழக்கம் அது. அதிலிருந்து உங்களைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டு மணி நேரம் அதிகமா என்றும் கேட்டிருந்தீர்கள். மணிக்கணக்கு தனியாக எதையும் சொல்லாது. 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு ஆட்டங்களைச் சேர்ந்த சுமார் 39,000 பேரின் உண்மையான ஆட்ட நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே பெற்றுப் பார்த்தார்கள். ஆடிய நேரத்தால் மனநலத்தில் வந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை எனலாம். ஆசைப்பட்டு ஆடுகிறார்களா, ஆடியே தீரவேண்டும் என்று ஆடுகிறார்களா என்பதில்தான் தொடர்பு தெரிந்தது. கனடாவின் உளவியலாளர் ராபர்ட் வேலரண்ட் 2003-லேயே வேட்கையை இப்படி இரண்டாகப் பிரித்திருந்தார்: வாழ்க்கையின் மற்றவற்றோடு இணங்கிப் போவது ஒன்று, மற்றவற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வது ஒன்று. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கேமிங் கோளாறும் மணிநேரத்தைச் சொல்லவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னால் வருவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஓராண்டாவது நீடிப்பது என்றுதான் சொல்கிறது. உங்கள் நிலை அதற்கு அருகில்கூட இல்லை. ரெய்டு இரவுகளில் தூக்கம் குறைகிறது என்றீர்களே, அதை மட்டும் சரிசெய்யுங்கள். அரைமணி முன்னதாகத் தொடங்கலாமா என்று கில்டில் கேளுங்கள். இருபது பேரில் நீங்கள் மட்டுமே பெற்றோராக இருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போனது. பதினேழு வயதில் நீங்கள் சண்டை ஆட்டங்களில் கெட்டிக்காரராக இருந்தீர்கள், இப்போது கை அந்த வேகத்துக்கு வருவதில்லை. இதை ஒரு வரியில் கடந்துபோக வேண்டாம். நானும் இழந்திருக்கிறேன். ஒரு காலத்தில் பார்க்காமலே போட்ட பொத்தான் வரிசையை இப்போது யோசித்துப் போடுகிறேன், யோசித்து முடிப்பதற்குள் தோற்றுவிடுகிறேன். பழைய நண்பர்களோடு பாதியில் நின்ற ஒரு சேவ் என்னிடம் இருக்கிறது. நால்வரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அதை நாங்கள் தொடரவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஆடும் விதம் மாறும்போது நம்மில் ஒருவர் போய்விட்ட மாதிரிதான் இருக்கும். எந்த நேரமும் நிறுத்திவைக்க முடிகிற ஆட்டத்தைத் தேடிப் போவது, குழந்தை அழுதால் பாதகமில்லாத ஆட்டமாகப் பார்த்து எடுப்பது, இதெல்லாம் வீழ்ச்சி இல்லை. பதினேழு வயதின் பசி வேறு, இன்றைய பசி வேறு.

தம்பியிடம் வாதாட வேண்டாம். அடுத்த ரெய்டுக்கு முன் ஒரு சிறிய நிலவறைக்கு ஐந்து பேராகப் போகும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் கேரக்டரை அவர் கையில் கொடுங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் ஒரு நிமிடம் அவர் எதிரியைத்தான் பார்ப்பார். பழகிய கண் அப்படித்தான் போகும். டேங்க்கின் பட்டை விழும். அப்போது அவர் கண் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள், பிறகு எனக்கும் எழுதுங்கள்.